பதின்மூன்றாவது கேள்வி

முந்நூறு கையெழுத்து வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முந்நூறு நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அனுப்பிப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மேற்பார்வையாளர் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். முந்நூறும் சேர்ந்தால்தான் என் அக்கா நெல்சிக்குச் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் வேலை நிரந்தரம். இருநூற்றுத் தொண்ணூற்றேழு வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. எனக்குப் பதினெட்டு. போன நவம்பரில் பள்ளியை முடித்தேன். அப்பாவும் அம்மாவும் ஆற்றின் மேல்பக்கம், படகில் நான்கு மணி நேரம் தள்ளி, பதினாறு மாடுகளோடு இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஃப்ளோரென்சியா நகரத்தில் ஒரு தச்சுப் பட்டறைக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறோம். கீழே மரம் அறுக்கும்போது எங்கள் கட்டில் அதிரும். எம்.ஆர்.ஐ. சத்தத்துக்கு இதிலேயே பழகிவிட்டேன் என்று அக்கா சொல்வாள்.

அவள் படித்தது எக்ஸ்ரே. நெய்வா நகரத்தில் மூன்று வருடம். வருடத்துக்கு இரண்டு மாடு விற்றுத்தான் அப்பா அவளைப் படிக்க வைத்தார். முடித்துவிட்டு வந்ததும் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டார்கள் என்றால் சம்பளப் பட்டியலில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். மாதம் பத்தொன்பது லட்சம் பெசோ. அதில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அவளே கட்ட வேண்டும், அதற்கு நாலு லட்சம் போய்விடும். அறை வாடகை ஐந்து லட்சம். விடுமுறை கிடையாது. காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைய காசு கிடையாது. ஆறு வருடம் அப்படியே ஓடியது. ஈயக் கவசத்தை மாட்டி மாட்டி அவளுடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

அப்புறம் அந்த மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. வந்தது. பக்கச் சுவரை இடித்துத்தான் எந்திரத்தை உள்ளே தள்ளினார்கள். அன்று முழுக்க மழை. தார்பாய்க்கு அடியில் அது ஒரு பெரிய வெள்ளைப் பசு மாதிரி நின்றது என்றாள் அக்கா. அதுவரை எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தப் படத்துக்காக மலைப்பாதையில் ஆறு மணி நேரம் பயணம் செய்து நெய்வாவுக்குத்தான் போக வேண்டும். எந்திரம் வந்துவிட்டது, ஆனால் அதை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். காலி நகரத்திலிருந்து இரட்டைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்த அம்பாரோ மேடம். ஐம்பது வயது, சிவப்புச் சாயம் பூசிய முடி, எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். இரண்டாவது ஆளாக அக்காவை எடுத்துக்கொள்வதாக நிர்வாகி சொன்னார். நெய்வாவில் ஆறு மாதப் பட்டயப் படிப்பு, அதோடு அம்பாரோ மேடத்தின் கீழே முந்நூறு பேர். முடித்தால் சம்பளப் பட்டியலில் பெயர், மாதம் முப்பத்திரண்டு லட்சம், காப்பீட்டில் பெரும்பங்கு நிர்வாகம் கட்டும், வருடத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை. முடிக்காவிட்டால் காலி நகரத்திலிருந்தே இன்னொருவரைக் கூட்டி வருவார்கள். எக்ஸ்ரே ஒப்பந்தமும் டிசம்பரோடு சரி.

அந்த முப்பத்திரண்டு லட்சத்தில் என்னுடைய படிப்பும் இருந்தது. அவளைப் போலவே நானும் நெய்வாவில் சேர்வது என்று பேச்சு. அதனால் அந்தப் பதிவேட்டில் எண் ஏற ஏற நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை பேருந்து ஏறுவாள். மண் சரிந்து பாதை அடைபட்டால் பேருந்திலேயே உட்கார்ந்து புரோட்டான், காந்தப்புலம் என்று படிப்பாள். ஞாயிறு திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் அச்சீராக் கிழங்கு மாவு பிஸ்கட் கொண்டு வருவாள். பாடம் கடினம் என்று அவள் புலம்பியதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது.

எந்திரத்துக்குள் போகும் முன் நோயாளியிடம் கேட்க வேண்டிய இருபது கேள்விகள் ஒரு தாளில் இருக்கின்றன. இதயத்தில் கருவி இருக்கிறதா, கர்ப்பமா, பல்லில் கம்பியா, இப்படி. அந்தக் காந்தத்தை யாரும் அணைப்பதில்லை. ஆளில்லாத போதும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் உடம்பில் இரும்பு இருந்தால் ஆபத்து. எலும்பில் பதிந்த இரும்பு பெரும்பாலும் அசையாது. கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துண்டு அசையும். பதின்மூன்றாவது கேள்வி அதுதான். உங்கள் உடம்பில் துப்பாக்கிக் குண்டோ, வெடித்த குண்டின் சிதறலோ, வேறு உலோகத் துண்டோ இருக்கிறதா?

தலைநகர் பொகோட்டாவிலிருந்து வந்த ஆசிரியர் இதைப் பாடமாக நடத்தியபோது அக்கா கையைத் தூக்கி, எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு யாரும் ஆமாம் சொல்லமாட்டார்கள் என்றாளாம். ஏன் என்று கேட்டார். அவளுக்கு அந்த வகுப்பில் விளக்கத் தோன்றவில்லை. சொல்லமாட்டார்கள் சார் என்று திரும்பவும் அதையே சொன்னாள். அப்படியானால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பொய் சொன்னது அவர் பொறுப்பு என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

எனக்கு அந்தச் சண்டைக்காலம் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பாதையில் சோதனைச் சாவடி போட்டிருப்பார்கள். பேருந்திலிருந்து ஆண்களை இறக்கி வரிசையாக நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்வார்கள், சட்டையை உயர்த்தச் சொல்வார்கள். தழும்பு தேடுவார்கள். ஒரு நாள் ராணுவம் தேடும், இன்னொரு நாள் காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்த போராளிகள் தேடுவார்கள். உடம்பில் குண்டுத் தழும்பு இருந்தால் நீ சண்டை போட்டவன். எந்தப் பக்கம் என்பதுதான் அடுத்த கேள்வி, அந்தக் கேள்விக்கு யாரிடம் என்ன பதில் சொன்னாலும் தப்பு. வயலில் புதைத்த கண்ணிவெடியை மிதித்தவன், சந்தையில் வெடித்தபோது பக்கத்தில் நின்றவன் எல்லாம் தழும்பை மறைத்துத்தான் வாழ்ந்தார்கள். முள்வேலியில் விழுந்தேன், மாடு முட்டியது, குதிரை உதைத்தது. சமாதான ஒப்பந்தம் போட்டுச் சண்டை முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சாவடிகள் குறைந்தன. பதில் மட்டும் மாறவில்லை.

அக்காவுக்கு இதற்கு ஒரு வழி இருந்தது. அவள் பதில்களை நம்புவதில்லை, தோலைப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் தழும்பைப் பற்றிப் பேசாமல் தன்னுடைய பழைய எக்ஸ்ரே அறைக்கு அவரை அழைத்துப் போய் முதலில் ஒரு படம் எடுத்துவிடுவாள். "மெஷின் சூடாகணும் ஐயா, அதுக்குள்ள இதையும் எடுத்துடுவோம்" என்பாள். எந்திரம் சூடாக வேண்டியதே இல்லை, அது எப்போதும் குளிரிலேதான் இருக்கும். நான்கு மாதத்தில் பதினோரு பேரை அப்படி அழைத்துப் போனாள். மூன்று பேருக்கு உள்ளே இரும்பு இருந்தது. மூன்று பேரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள். அந்த மூன்று பேரையும், முதுகு வலிக்கு வேறு வழியில் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் திருப்பி அனுப்பினாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்புறம் நிர்வாகியிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மருத்துவர் எழுதாத எக்ஸ்ரேக்குக் காப்பீட்டு நிறுவனம் காசு தராது. இனி அப்படி எடுத்தால் எடுத்தவர் கணக்கில் பிடிக்கப்படும். அதோடு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பேர் முடிக்க வேண்டும், பதினெட்டுதான் முடிகிறது. அம்பாரோ மேடம் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"கேளு கண்ணு, கையெழுத்து வாங்கு, போதும். நீ மூணு பேரைக் கண்டுபிடிச்சே, நல்லது. ஆனா உன் பேரு இன்னும் பட்டியல்ல வரல. அதை முதல்ல வரவை."

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாவது ஆளின் பெயர் அவெலினோ. ஐம்பத்து நான்கு வயது. ஆற்றோரம் மாடு வைத்துப் பால் கறந்து பால்கட்டியாக்கி விற்கிறவர், அப்பாவைப் போலவே. இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகி நடக்க முடியவில்லை. இந்தப் படத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. விடியும் முன் படகு ஏறி, பிறகு ஜீப் ஏறி மனைவி ரோசால்பாவோடு வந்திருந்தார். வெறும் வயிறாக வர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால் அதுவரை ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை.

அன்று உதவியாளர் விடுமுறை. சக்கர நாற்காலியை வாசல் காவலர் வில்மெர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். வில்மெர் முன்னாள் ராணுவத்தார், நல்ல மனிதர், எனக்கு எப்போதும் மிட்டாய் தருவார். காக்கிச் சீருடை, இடுப்பில் துப்பாக்கி, முழங்கால் வரை ஏறும் கறுப்பு பூட்ஸ். தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம், நாற்காலியின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

அக்கா கேள்விகளைப் படித்தாள். பன்னிரண்டு வரைக்கும் அவெலினோ அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கர்ப்பமா என்ற கேள்விக்கு, "இந்த வயத்தைப் பாத்தா சந்தேகம் வரத்தான் செய்யும் டாக்டரம்மா" என்றார். எங்கள் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் டாக்டர்தான். அவரும் அக்காவும் வில்மெரும் சிரித்தார்கள். பதின்மூன்றாவது கேள்வியைப் படித்தாள். அவருடைய பார்வை கீழே போய் வில்மெரின் பூட்ஸில் நின்றது. இல்லை என்றார்.

இடது புருவத்தின் ஓரத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதைச் சுற்றித் தோல் நீலமாக இருந்தது. மாடு முட்டினால் நீலம் நிற்காது. வெடிமருந்து புகுந்த தோல்தான் அப்படி நிற்கும். அக்காவுக்கு அது தெரியும்.

மணி பதினொன்றே முக்கால். வெளியே இன்னும் நான்கு பேர். கண்ணாடிக்குப் பின்னால் அம்பாரோ மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்மெரைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லி, கதவைச் சாத்தி, இன்னொரு முறை கேட்டிருக்கலாம். இதை அவள் என்னிடம் எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. வில்மெரை வெளியே அனுப்பினால், எதற்காக அனுப்புகிறாள் என்று வில்மெருக்கே புரிந்துவிடும். அந்த மனிதரைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். அதனால்தான் கேட்கவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படித்தான் நினைச்சேன் குட்டி. சத்தியமா அதைத்தான் நினைச்சேன்" என்றாள். அவள் சத்தியம் செய்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவரைப் பலகையில் படுக்கவைத்து, கையில் ரப்பர் குமிழைக் கொடுத்தாள். ஏதாவது கஷ்டமாக இருந்தால் இதை அமுக்குங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவேன் என்றாள். பலகை தலைப்பக்கமாக உள்ளே போனது. இருபத்திரண்டு நிமிடம். அவர் ஒரு முறைகூடக் குமிழை அமுக்கவில்லை. விரல்கூட அசையவில்லை. படங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. இவ்வளவு சுத்தமான இடுப்புப் படம் இந்த மாதத்தில் வரவில்லை என்று அம்பாரோ மேடம் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பலகை வெளியே வந்தபோது அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் காது வரை ஓடியிருந்தது. குமிழ் அப்போதும் கைக்குள் இருந்தது.

"அந்தப் பக்கம் இருட்டா இருக்கு டாக்டரம்மா. இது கொஞ்ச நேரத்துல சரியாயிடுமா?"

உள்ளே போகும்போதே கண்ணுக்குள் யாரோ ஊசியால் இழுப்பது போல இருந்ததாம். பிறகு கண்ணுக்குள் சூடாக ஏதோ பரவியதாம். ஏன் அமுக்கவில்லை என்று அக்கா கேட்டாள். அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவீர்கள், படம் பாதியில் நின்றுவிடும், மறுபடி அனுமதிக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும், அதனால் பொறுத்துக்கொண்டேன் என்றார்.

கண் மருத்துவமனை நெய்வாவில். ஆம்புலன்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். பாதி மலையில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. மறுநாள் மதியம்தான் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணிலிருந்து அரிசிமணியில் பாதி அளவு இரும்பை எடுத்தார்கள். பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

விசாரணைக் குழு அடுத்த வாரம் வியாழக்கிழமை கூடும் என்று அறிவித்தார்கள். அம்பாரோ மேடம் அக்காவை மருந்து வைக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தாள் சுத்தமாக இருக்கிறது, அவர் கையெழுத்து இருக்கிறது, நீ கேட்டாய், அவர் இல்லை என்றார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே என்றார். சொல்லும்போதே கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டார். மேற்பார்வையாளர் அவர்தானே.

அக்கா அன்று அறைக்கு வந்து சாப்பிடவில்லை. கீழே பட்டறையில் வேலை முடிந்து அமைதியானதும் ஒரு நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். இரண்டு பக்கம். கிழித்து என்னிடம் கொடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்றாள். பிழை ஏதும் இல்லை. நடுவில் இந்த வரிகள் இருந்தன: "நான் தழும்பைப் பார்த்தேன். அது என்ன தழும்பு என்று எனக்குத் தெரியும். தனியாக அழைத்துக் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை எனக்கு வந்திருந்தது." இதைக் கொடுத்தால் அவருக்கு இழப்பீடு கிடைக்கும், ஒரு வக்கீலிடம் கேட்டேன் என்றாள். உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். எனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நினைத்தேன். அதை மறைத்தால் நான் இதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை.

கொடுக்கும் முன் அவரிடம் காட்ட வேண்டும் என்றாள். நெய்வாவிலிருந்து திரும்பிய அவெலினோவும் ரோசால்பாவும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மலிவான விடுதியில் தங்கியிருந்தார்கள். புதன்கிழமை காலை இருவரும் போனோம். மழை விட்டிருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. ரோசால்பா எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் கீழே போய் நான்கு காகிதக் கோப்பையில் காப்பி வாங்கி வந்தார்.

அக்கா அந்த இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினாள். குரல் ஒரே சீராக இருந்தது, எந்திரத்துக்குள் இருப்பவரிடம் மைக்கில் பேசுவது போல. படித்து முடித்ததும் அவெலினோ கையை நீட்டித் தாளை வாங்கினார். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தலையை முழுக்கத் திருப்பி வலது கண்ணால் பார்த்தார்.

"இதைக் குடுக்க வேண்டாம் டாக்டரம்மா."

இதைக் கொடுக்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்றாள் அக்கா.

"தெரியும். ஆனா குடுத்தா இது ஒரு கோப்புல போய் உக்காரும். என் பேரு, என் ஊரு, தலையில குண்டுத் துண்டுன்னு. அந்தக் கோப்பை யாரு படிப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு யாரு கையில இருக்கும், உங்களுக்குத் தெரியுமா?"

சண்டை முடிந்துவிட்டதே என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். அவர் லேசாகச் சிரித்தார்.

"போன மாசம் எங்க படகுத்துறையில ரெண்டு பேரு வந்து யாரு யாரு வீட்டுல என்ன இருக்குன்னு எழுதிட்டுப் போனாங்க. யாருன்னு நாங்க கேக்கல. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க." காப்பியைக் குடித்தார். "நான் எந்தப் பக்கமும் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பால் கொண்டுபோனேன், ரோட்டோரத்துல வெடிச்சுது. அவ்வளவுதான். ஆனா அந்தத் துண்டு ஏதோ ஒரு பக்கத்துலேர்ந்துதானே வந்துச்சு. கேக்கறவன் அதைத்தான் கேப்பான். மாடு முட்டிச்சுன்னே இருக்கட்டும். மாட்டுக்கு நான் ஒத்தைக் கண்ணா ரெட்டைக் கண்ணான்னு கவலையில்ல."

அதுவரை ஜன்னல் பக்கம் நின்றிருந்த ரோசால்பா திரும்பினார்.

"அவருக்குப் பயம். அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீ இந்த மண்ணுல பொறந்தவதானே, பொண்ணே? அந்தத் துப்பாக்கிக்காரனை ரெண்டு நிமிஷம் வெளிய நிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? வெளியூர்க்காரி செஞ்சிருந்தா தெரியாம செஞ்சான்னு விட்டுருப்பேன்."

விடு, ரோசால்பா என்றார் அவெலினோ. ரோசால்பா காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிளம்பும்போது அவெலினோ அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் வேலை போய்விடுமா என்று கேட்டார். கொடுத்தால் போய்விடும், கொடுக்காவிட்டால் கிடைக்கும் என்றாள் அக்கா. அவர் தலையாட்டினார். ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவின் முகம் அந்த நிமிடம் எப்படி ஆனது என்பதை நான்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை குழுவில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கேள்விகளைக் கேட்டீர்களா? கேட்டேன். பதின்மூன்றாவதையும்? கேட்டேன். அவர் என்ன சொன்னார்? இல்லை என்றார். கையெழுத்து அவருடையதா? ஆமாம். எல்லாமே உண்மை. அறிக்கை ஐந்து வரியில் முடிந்தது. நோயாளி தகவலை மறைத்ததால் நேர்ந்தது என்பது கடைசி வரி. அந்தச் சுற்றறிக்கை மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மீதி இரண்டு கையெழுத்து அடுத்த திங்கட்கிழமையே கிடைத்தது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டை அடித்துவிடச் சொல்லி அக்கா கேட்டாள். படம் நன்றாகத்தானே வந்தது, அதை ஏன் அடிக்க வேண்டும் என்று அம்பாரோ மேடம் மறுத்துவிட்டார். சான்றிதழ் தடித்த தாளில், தங்க நிற முத்திரையோடு வந்தது. அம்மா சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். அது இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் அக்கா கிழிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் பாதுகாப்பு பற்றிய அத்தியாயத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

முதல் சம்பளம் வந்த அன்று கோழிக்குழம்பு சாப்பிடலாம் என்று என்னை வெளியே கூட்டிப்போனாள். தட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள். அடுத்த மாதத்திலிருந்து உனக்குப் பணம் எடுத்து வைக்கிறேன், பிப்ரவரியில் நெய்வாவில் சேர்ந்துவிடு என்றாள். சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி வந்து மேசையில் வைத்தும்விட்டாள். பெயரும் பிறந்த தேதியும் நிரப்பியிருக்கிறேன். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற இடம் காலியாக இருக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியவில்லை, அந்தக் கட்டத்தை நிரப்பவும் முடியவில்லை.

இப்போது அக்கா வேறு மாதிரி வேலை செய்கிறாள். கேள்வி கேட்கும் இடத்துக்கு வில்மெர் வரக் கூடாது. கதவு சாத்தியிருக்கும். தாளை ஓரமாக வைத்துவிட்டு விளக்கை இழுத்து, நெற்றி, புருவம், முடிக்கு அடியில் தோல், கழுத்து என்று விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். சட்டையைக் கழற்றச் சொல்கிறாள். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுகிறாள். அவள் சம்பளத்தில் அது பிடிக்கப்படுகிறது. போன மாதம் ஆறு படத்துக்குப் பிடித்தார்கள். ஒரு நாளைக்குப் பதினெட்டு பேர்தான் முடிகிறது. அவளுக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. நோயாளிகளும் அவளை விரும்புவதில்லை. முன்பெல்லாம் சிரித்துப் பேசுகிற டாக்டரம்மா என்பார்கள். இப்போது சாவடிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்திருப்பதாக வில்மெர்தான் என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

அவெலினோவை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, பேருந்து நிலையத்தில் பார்த்தோம். பால்கட்டி நிறைந்த கூடையோடு நின்றார். அக்கா அவருடைய இடது பக்கமாகத்தான் நடந்து போனாள். அவர் பார்க்கவில்லை. அக்கா நிற்கவும் இல்லை.

நேற்று மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு கை அளவு திறந்திருந்தது. உள்ளே எழுபது வயதுக் கிழவர் ஒருவர், மருத்துவமனை அங்கியோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினாள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கிழவர் இரண்டு கையையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

"கையை இறக்குங்க ஐயா. நான் ஆர்மி இல்ல."

"தெரியும் டாக்டரம்மா" என்றார் அவர். கையை இறக்கவில்லை.